தொண்டையில் புகை

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரியைக் கொடுத்தது அவர். அவருடைய பம்ப்செட் கம்பெனியில் வருஷா வருஷம் தருவார்கள். இந்த வருஷத்து டைரி இதுவரை டிவி ஸ்டாண்டின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. "எதாச்சும் எழுது சுகுணா, நானும் படிக்கறேன்" என்றார். படிக்கட்டும். மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?

வேலையைப் பற்றி எழுதுகிறேன். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் சென்டர். கால் அமுக்க, தலைக்கு எண்ணெய் வைக்க, முகத்துக்குப் பூச என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. என் வேலை காதுத் திரி. போர்டில் இயர் கேண்டிலிங் என்று இருக்கும், எங்களுக்குள் திரி. தேன்மெழுகில் தோய்த்த துணியைக் குழல் மாதிரி சுருட்டியது. வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முடியை ஈரத் துண்டால் மூடி, நடுவில் ஓட்டை போட்ட காகிதத் தட்டு வழியாகக் குழலின் மெல்லிய முனையைக் காதில் பொருத்தி, மேல் முனையில் பற்றவைக்க வேண்டும். முடியும்வரை கையை எடுக்கக் கூடாது. சாம்பல் சேரச் சேரக் கத்தரித்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட வேண்டும். காதுக்குள் கதகதப்பாக இருக்கும், படபடவென்று மெல்லிசாக ஒரு சத்தம் கேட்கும் என்பார்கள். பாதிப் பேர் குறட்டை விட்டுவிடுவார்கள்.

கடைசியில் மிச்சத் துண்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். உள்ளே மஞ்சளாகப் பொடி இருக்கும். "அய்யோ, எங்காதுல இவ்ளோ அழுக்கா!" என்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. ஒருநாள் கூட வேலை பார்க்கிற டெய்சியும் நானும் யார் காதிலும் வைக்காமல் ஒரு திரியைச் சும்மா எரித்துப் பிரித்தோம். அதே பொடி! டெய்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேனேஜர் ரெஜினா மேடம் என்னைச் சேர்க்கும்போதே, "வைத்தியம்னு ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது. ரிலாக்சேஷன், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டார். நான் ஒன்றும் சொல்வதில்லை. பிரித்துக் காட்டுவதோடு சரி.

ராத்திரிக்குக் கொள்ளுப் பருப்பு. அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நல்ல நாள்.

ஜூன் 5, வியாழன்

ரசத்தில் உப்பு கூடிவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

ஜூன் 6, வெள்ளி

லீவு போட்டேன். சமையலறை கபோர்டு கதவு இடது பக்கம் இடித்துவிட்டது. நான் எப்போதுமே பராக்குப் பார்த்துக்கொண்டு நடக்கிறவள். காது ஙொய்யென்கிறது. அக்கா பல்லடத்திலிருந்து போன் செய்தாள். வலது காதில் வைத்துப் பேசினேன். கொஞ்ச காலமாகவே அந்தப் பக்கம்தான் பழக்கம். "குரல் ஏன்டி ஒரு மாதிரி இருக்குது?" என்றாள். சளி என்றேன்.

அவர் வரும்போது பன் பட்டர் ஜாம் வாங்கி வந்தார். எனக்குப் பிடிக்கும் என்று நினைவு வைத்திருக்கிறார்.

ஜூன் 10, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை என்றால் மிருதுளா மேடம். முப்பது வயதுகூட இருக்காது. மில்காரர் வீட்டு மருமகள். காரில் கொண்டுவந்து விடுவதும் வீட்டுக்காரர் நவநீதன்தான், ரிசப்ஷனில் உட்கார்ந்து காத்திருந்து கூட்டிப்போவதும் அவர்தான். எங்கள் பெண்கள் எல்லாருக்கும் பொறாமை. "கெடச்சா இப்படி ஒருத்தர் கெடைக்கணும்" என்று டெய்சி பெருமூச்சு விடுவாள். மிருதுளா வேறு எதுவும் செய்துகொள்வதில்லை, திரி மட்டும்தான். "இந்த ரூம்ல மட்டுந்தாங்க்கா சத்தமில்லாம இருக்குது" என்பாள்.

இன்று இடது காதில் வைத்துப் பற்றவைத்தேன். கொஞ்ச நேரத்தில் இருமினாள். "அக்கா, தொண்டையில பொகை கசக்குதுங்க்கா" என்றாள். உடனே திரியை எடுத்துத் தண்ணீரில் அமுக்கிவிட்டேன். ட்ரெயினிங்கில் எங்களுக்குச் சொன்னதில் எனக்கு மறக்காதது இது ஒன்றுதான்: காதில் வைக்கிற புகை தொண்டைக்கு வராது. வந்தால் நடுவில் இருக்கிற ஜவ்வில் ஓட்டை என்று அர்த்தம், அணைத்துவிடு.

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே காய்ந்த ரத்தம். "எப்படிம்மா?" என்றேன். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள். விழுந்தவர்களுக்கு முட்டி பெயரும், முழங்கை பெயரும். காதுக்குள்ளே மட்டும் எப்படி அடிபடும் என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஜூன் 11, புதன்

காலையில் டைரியைத் திறந்தால், நேற்று எழுதியதில் 'பயமாக இருந்தது' என்ற இடத்தில் அவர் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறார். பக்கத்தில் 'எதுக்கு?' என்று எழுதியிருக்கிறார்.

சரிதான். எதற்குப் பயம்? எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ரேஷனில் பச்சரிசி போடுகிறார்கள், போக வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

டைரி தொலைந்துவிட்டது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இனி இது சென்டரில் துண்டு அடுக்குகிற அலமாரியில், அடித்தட்டில் இருக்கும். அங்கே கை விடுகிறவள் நான் ஒருத்திதான்.

இனி எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனாலும் பேனா பழைய மாதிரியேதான் ஓடுகிறது. எழுதுவதற்கு முன் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

மிருதுளா வந்தாள். நவநீதன் சார் இன்று ரிசப்ஷனோடு நிற்காமல் என் ரூம் கதவு வரை வந்தார். சிரித்த முகம், மெதுவான பேச்சு. "அந்த இடது காதுதாங்க இவளுக்குத் தொந்தரவு. டாக்டர்கிட்டப் போனா அந்த டெஸ்ட்டு இந்த டெஸ்ட்டும்பாங்க. நீங்களே உங்க திரிய வெச்சுச் சரி பண்ணிருங்க." மிருதுளா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் நின்ற ரெஜினா மேடம், செய் என்று கண்ணைக் காட்டினார்.

கதவைச் சாத்தினேன். ஓட்டைக் காதில் திரி வைக்க எனக்கு மனசு வரவில்லை. வைக்காமல் அனுப்பவும் தைரியமில்லை. திரியைப் பற்றவைத்து அவள் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கையில் பிடித்துக்கொண்டேன். வாசனை வெளியே போயிருக்கும். அது போதும்.

எரிந்து முடியும்வரை அவள் பேசினாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். டிவி ரிமோட்டை எடுத்த இடத்தில் வைக்கவில்லையாம். "கைய ஓங்கறதே தெரியாதுங்க்கா. டப்புனு ஒரு சத்தம், அப்புறம் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி. மறுநாள் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாரு. நல்லவருதாங்க்கா. கோபம் மட்டுந்தான்." பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க்கா" என்றாள்.

நான் சாம்பலைக் கத்தரித்தேன்.

வெளியே வந்ததும் மிச்சத் துண்டைப் பிரித்து நவநீதன் சாரிடம் காட்டினேன். "பாத்தியா, எவ்ளோ அழுக்கு! இதான் உனக்குக் காது கேக்கல" என்று அவள் தோளில் தட்டினார். காற்றில் எரிந்த திரி அது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவர் கை தோளுக்கு வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டதைத்தான் பார்த்தேன்.

என் கண்ணும் மூடித்தான் திறந்தது.

ஜூன் 24, செவ்வாய்

மிருதுளா வரவில்லை.

ஜூன் 26, வியாழன்

விஷயம் வெடித்துவிட்டது. காதில் சீழ் வடிந்து காய்ச்சல் வந்து, மிருதுளாவின் அம்மா வந்து டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். ஜவ்வு கிழிந்திருக்கிறது. எப்படி என்று டாக்டர் கேட்டதும், கூடவே போயிருந்த நவநீதன் முந்திக்கொண்டு, "மெழுகுத்திரி வெக்கறோம்னு கிழிச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டாராம். இன்று ரெஜினா மேடத்துக்குப் போன். போலீசுக்குப் போவேன், சென்டரை மூட வைப்பேன் என்று மிரட்டியிருக்கிறார்.

"உண்மையச் சொல்லு சுகுணா. மெழுகு சொட்டுச்சா?"

"இல்லீங்க மேடம். போன வாரம் நான் காதுல வெக்கவே இல்லீங்க."

"வெக்காமயா அழுக்கக் காட்டுன?"

வலிய வந்து மாட்டிக்கொண்டேன். இந்த வேலை போனால் நாள் முழுக்க வீடு. அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், பகலெல்லாம் வீட்டில் இருக்கிற வாரங்கள் உண்டு. இந்த ரூம், இந்தத் துண்டு அலமாரி, இது போனால் எனக்கு வேறு இடம் கிடையாது.

ஜூன் 27, வெள்ளி

மிருதுளா யாருடைய நம்பரிலிருந்தோ கூப்பிட்டாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது. போனை வலது காதில் அழுத்தி வைத்துக் கேட்டேன்.

"அக்கா, உங்க கால்ல வேணா விழறேன். திரியாலதான்னு ஒத்துக்கங்க. இல்லாட்டி நாந்தான் உங்ககிட்டச் சொல்லிட்டேன்னு தெரிஞ்சுபோயிரும். அப்புறம் நான் உசுரோட இருக்க மாட்டனுங்க்கா."

சரி என்று சொல்லிவிட்டேன். காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஜூன் 30, திங்கள்

இன்று நவநீதன் வந்தார். மன்னிப்புக் கேட்டு முடித்துவிடு என்று ரெஜினா மேடம் சொல்லியிருந்தார். அவரோ மன்னிப்பெல்லாம் அப்புறம் என்றார். "எம் பொண்டாட்டிக்கு வெச்ச மாதிரியே இவங்க காதுல வெச்சுக் காட்டச் சொல்லுங்க. பாத்துட்டுப் பேசறேன்."

"எந்தக் காதுங்க?" என்றாள் டெய்சி.

"இடது காதுதான்."

படுத்தேன். வலது காது தலையணையில் புதைந்தது. அவ்வளவுதான், ரூமே ஊமையாகிவிட்டது. எதிரே நாற்காலியில் நவநீதன் வாயை அசைத்துக்கொண்டிருந்தார், மேடம் தலையாட்டினார், எனக்கு ஒரு சொல் கேட்கவில்லை. டெய்சி பற்றவைத்தது தெரிந்தது. எல்லாரும் சொல்கிற அந்தப் படபட சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இத்தனை பேருக்கு வைத்திருக்கிறேன், என் காதில் ஒருமுறையும் வைத்துக்கொண்டதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அப்புறம் தொண்டையில் கசந்தது.

புகை.

இருமல் முட்டிக்கொண்டு வந்தது. இருமினால் முடிந்தது கதை. திரி காதைக் கெடுக்கும் என்பதற்கு நானே சாட்சியாகிவிடுவேன். எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன். மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. டெய்சி ரிலாக்சேஷன் என்று நினைத்திருப்பாள்.

எழுந்து உட்கார்ந்தேன். "ஒண்ணும் ஆகலைங்களே?" என்றார் நவநீதன். "ஒண்ணும் ஆகலைங்க சார்" என்றேன். பிறகு என்ன துணிச்சலோ, வாய் தானாகப் பேசியது. "மேடம் காதுல ஓட்டை முன்னாலயே இருந்துச்சுங்க சார். பொகை தொண்டைக்கு வந்துச்சு. ஓட்டை இருந்தாத்தான் வரும்."

அவர் கோபப்படவில்லை. சிரித்தபடியே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு மெதுவாகக் கேட்டார். "யாரு போட்ட ஓட்டைங்கறீங்க?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். சத்தமே போடாத குரல். சத்தம் போடுகிறவர்களுக்கு நான் பயந்ததில்லை. மிருதுளா சொன்னதும் மண்டைக்குள் ஓடியது. "மெழுகு சொட்டிருச்சுங்க சார். மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டேன். கையெடுத்துக் கும்பிடவும் செய்தேன்.

"அப்படி வாங்க" என்றார்.

போகும்போது மேடத்திடம், இந்தம்மா இனி இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். விஷயம் ஆறும்வரை வர வேண்டாம் என்றார் மேடம். டைரியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது.

அந்தக் கபோர்டு கதவு என் தோள் உயரத்துக்குக்கூட வராது. இதை எழுதி வைக்கிறேன்.

ஜூலை 2, புதன்

பாத்ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது காதில் தண்ணீராக வடிகிறது. தலையணை உறை முழுக்கக் கறை. வேலை போனதை அவரிடம் சொன்னேன், நவநீதன் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. திட்டுவார் என்று பார்த்தால் சந்தோஷப்பட்டார். "விட்டது சனி. இனி வீட்டப் பாரு." பிறகு தலையணை உறையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் தெளிந்துவிட்டது, கணக்கு சரியாக வந்த பிள்ளை மாதிரி.

"நாளைக்கு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். கேட்டா திரின்னு சொல்லு. உங்க சென்டர்லதான் இப்படி நடக்குதே, எல்லாரும் நம்புவாங்க."

எவ்வளவு அன்பாகச் சொன்னார்!

பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது. யாரும் கோடு போட முடியாத இடத்தில் எழுதுகிறேன்: எனக்கு இந்த ஆளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கல்யாணமானதிலிருந்தே பயம்தான். எங்கள் அம்மாவிடம் முதல் தடவை சொன்னபோது, "ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுரு கண்ணு" என்றாள். அப்படித்தான் விட்டேன்.

ஜூலை 3, வியாழன்

காது டாக்டர் ஒரு பெண். கண்ணாடி போட்ட, சிடுசிடுப்பான அம்மா. கூட வருகிறவர்கள் உள்ளே வரக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டதால் அவர் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கதவில் பாதிக்குமேல் கண்ணாடி. அவர் பின்மண்டை தெரிந்தது. நவநீதன் எங்கள் ரிசப்ஷனில் உட்காருகிற அதே தோரணை.

டாக்டர் குழாய் போன்ற ஒன்றைக் காதுக்குள் விட்டு, உள்ளே இருப்பதை டிவியில் காட்டினார். வெள்ளையாக ஜவ்வு, அதில் கறுப்பாக ஓட்டை. என் ஓட்டை.

"எப்படிம்மா ஆச்சு? என்ன வேலை பாக்கறீங்க?"

"காதுல மெழுகுத்திரி வெக்கற வேலைங்க."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அதுதானா!" என்று எழுதப் போனார். நான் ஒன்றுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், எல்லாம் வெளியே இருக்கிறவர் சொன்னபடி முடிந்திருக்கும். மாத்திரை, சொட்டு மருந்து, வீடு, கொள்ளுப் பருப்பு. அன்றைக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டபோது நவநீதன் முகம் எப்படி மலர்ந்தது என்று நினைவு வந்தது. அதே மலர்ச்சி நேற்று என் வீட்டிலும் வந்தது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று நான் சொன்ன பொய், இரண்டு வீட்டு ஆம்பளைகளுக்கும் வசதியாகப் போய்விட்டது.

"இல்லீங்க" என்றேன். சுவருக்கும் காதுண்டு என்பார்கள், இங்கே கதவு வேறு கண்ணாடி. என் குரல் எனக்கே கேட்கவில்லை. "திரியில்லீங்க. அடிச்சாருங்க."

டாக்டர் பேனாவை வைத்தார். "யாரு?"

"வெளிய உக்காந்திருக்காருங்க."

அந்தச் சிடுசிடுப்பான அம்மா எழுந்து போய்க் கதவுத் திரையை இழுத்து விட்டார். என் பக்கத்தில், வலது பக்கத்தில், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "மொதல்ல இருந்து சொல்லுங்க. இத நான் எழுதியாகணும்" என்றார். முதலிலிருந்து சொன்னேன். உப்பு கூடிய ரசம், அதற்கு முன்னால் ஒருமுறை இஸ்திரி, அதற்கும் முன்னால் என்னவென்றே நினைவில்லாத ஒன்று. நர்ஸ் தன் போனில் அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. "அங்கயே இரு. மாமா கார எடுக்கறாரு" என்றாள்.

டெஸ்ட்டுக்கு நேரமாகும் என்று நர்ஸ் அவரிடம் சொல்லிவைத்தாள். மாமா வந்ததும் பின்வாசல் வழியாகத்தான் அனுப்பினார்கள். கார் முன்பக்கம் திரும்பும்போது வாசல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அவர் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், மடியில் என் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு. ஒரு நொடி பாவமாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

ஜூலை 5, சனி

பல்லடம். அக்கா வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு காதுக்கே இவ்வளவு சத்தம். காது நனையக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அக்கா என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருக்கிறாள்.

காலையில் ரெஜினா மேடத்துக்குப் போன் போட்டு, மெழுகு சொட்டவில்லை, பயத்தில் பொய் சொன்னேன், எங்கே கேட்டாலும் இனி இதைத்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். "என்ன மாட்டி விடறியா?" என்று வைத்துவிட்டார். மிருதுளா அன்றைக்குக் கூப்பிட்ட நம்பர் அவள் அம்மாவுடையது என்று தெரிந்துகொண்டு, அந்த அம்மாவிடம் பேசினேன். என் காதைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மா அழவும் இல்லை, வைக்கவும் இல்லை.

மத்தியானம் அந்த நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். 'எந்த டாக்டருங்க்கா?'

அனுப்பியிருக்கிறேன். போவாளா, தெரியாது. போகவிடுவாரா, அதுவும் தெரியாது.

இப்போது போன் அடிக்கிறது. அவர்தான். முந்தாநாளிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறார். எடுக்காதே என்று அக்கா சமையலறையிலிருந்து கத்துகிறாள். எடுக்காவிட்டால் நேரில் வருவார் என்று எனக்குத் தெரியும். பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

போனை இடது காதில் வைத்தேன்.

தூரத்தில் கொசு பறப்பது போல ஏதோ கேட்டது. அன்பாகப் பேசுகிறாரா, அந்த மெதுவான குரலில் பேசுகிறாரா, தெரியவில்லை. ஒரு சொல்கூட எனக்கு வந்து சேரவில்லை. பேசட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு, அக்கா அரிந்து போடுகிற வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காதை இப்படிச் செய்தவர் அவர். இனி அவருக்கு இந்தக் காதுதான்.